அகிலா சொன்ன 'டெஃபினட்லி'

என் பெயர் வேதாச்சலம். தந்தையார் ஏகாம்பரம், காலமாகிவிட்டார். எனக்கு வயது அறுபத்தெட்டு. சித்தூர் மாவட்டம் நகரியில் சொந்த வீட்டில் மனைவி இந்திராணியுடன் வசிக்கிறேன். அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது திருப்பதியில் ஒரு பயிற்சி மையத்தில் காலை வகுப்பு மட்டும் எடுக்கிறேன். எனக்குத் தெலுங்கு பேச வரும். ஆனால் நடந்ததைப் பிசகில்லாமல் சொல்லத் தாய்மொழிதான் வசதி என்று கேட்டுக்கொண்டதால், நான் சொல்லச் சொல்லத் தலைமைக் காவலர் பரணி தமிழில் எழுதுகிறார். அவர் தமிழ் புழங்கும் குடிபாலா ஊர்க்காரர். பிறகு தெலுங்கில் பெயர்த்து வைப்பதாகச் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் ஸ்ரீதேவி மேடம் எதிரில் அமர்ந்து கேட்கிறார்.

திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஒரு லாட்ஜில் வரவேற்பு கவுண்டரில் வேலை செய்யும் அகிலா, வயது முப்பத்தொன்பது, அங்கே தங்கியிருந்த நாக்பூர்க்காரர் கிஷோரின் தாயாரை ஆசை காட்டி அழைத்துச் சென்று கை வளையல்களை எடுத்துக்கொண்டதாக, கிஷோர் நேற்று மனு கொடுத்திருக்கிறார். அந்த மனுவின் மேல் வழக்குப் பதிவு செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன் நடக்கும் விசாரணையில் நான் இதைச் சொல்கிறேன். என்னை யாரும் வற்புறுத்தி அழைத்து வரவில்லை.

அகிலாவை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மேடம் கேட்டார். அதற்குப் பதிலாக, அகிலா என்னிடம் ஒரு முறை கேட்ட கேள்வியைச் சொல்கிறேன். காலைப் பாசஞ்சர் வண்டியில் என் எதிர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அவர் கேட்டது இது: "சார், டெஃபினட்லின்னா கண்டிப்பா தானே? அப்போ கண்டிப்பா வரேன்னு சொல்றவங்க ஒருத்தரும் ஏன் சார் வர்றதில்ல?"

நான் தினமும் நகரியில் அந்த வண்டியில் ஏறுகிறேன். லாட்ஜுகளிலும் மருத்துவமனைகளிலும் கடைகளிலும் வேலை செய்கிறவர்கள் நகரியிலிருந்தும் ஏகாம்பரகுப்பத்திலிருந்தும் புத்தூரிலிருந்தும் அதே பெட்டியில் வருகிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அகிலா அந்த லாட்ஜில் அறைகளைப் பெருக்கித் துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றும் வேலையில் இருந்தார். வெளிமாநிலத்தார் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது, அது தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லி, நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு மற்றவர்களும் சேர்ந்தார்கள். நாங்கள் வைத்துக்கொண்ட முறை எளியது. காலை வண்டியில் நான் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைக் கொடுப்பேன். அந்தச் சொல்லை அன்றைக்கு வேலை செய்கிற இடத்தில், தேவையான ஆளிடம், உண்மையாகப் பயன்படுத்த வேண்டும். திரும்பும் வண்டியிலோ மறுநாள் காலையிலோ யாரிடம் எப்படிச் சொன்னோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சும்மா ஒப்பிப்பது கணக்கில் வராது. இப்படியே படித்துத்தான் அகிலா போன ஆண்டு துடைப்பத்தை வைத்துவிட்டுக் கவுண்டருக்கு வந்தார். அந்த நாற்காலி அவருக்கு யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது அல்ல.

நேற்றுக் காலை நான் கொடுத்த சொல் 'டெஃபினட்லி'. அதைக் கேட்டதும்தான் அகிலா மேற்படி கேள்வியைக் கேட்டார்.

அவருக்குப் பதிலாக, திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் வார்டு உதவியாளராக இருக்கும் தாட்சாயணி முந்திக்கொண்டார். "எங்க வூட்டுக்காரரு டெஃபினட்டா ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துகினு வரேன்னு சொன்னார்னா, நான் நேரா போய் ஆட்டோ புடிச்சிடுவேன் சார். 'பாக்கறேன்'னு சொன்னாத்தான் வருவாரு" என்றார். பெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். நான், நீங்கள் சிரித்தாலும் தாட்சாயணி சொன்னது பாடம்தான் என்றேன். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும் இந்தச் சொல் உண்டு. தெலுங்கில் 'டெஃபினெட்டுகா' என்கிறார்கள். கல்யாணத்துக்கு அழைத்தால் டெஃபினட்டாக வருகிறோம் என்கிறோம். மனத்தில் சந்தேகம் இல்லாதவன் 'வருகிறேன்' என்று மட்டும் சொல்வான். சந்தேகம் உள்ளவன்தான் அதன் மேல் ஒரு டெஃபினட்லியைத் தூக்கி வைக்கிறான்.

இந்த இடத்தில் மேடம், இது விசாரணைக்குத் தேவையா என்று கேட்டார். தேவை என்று சொன்னேன். கிஷோர் ஆங்கிலத்தில் கொடுத்துள்ள மனுவை மேடம் எனக்குப் படித்துக் காட்டினார். அதில் இந்தச் சொல் மூன்று இடங்களில் வருகிறது. 'டெஃபினட்லி என்று சொல்லி என்னை நம்ப வைத்தாள்' என்பதுதான் அந்த மனுவின் முதுகெலும்பு. ஆகவே அகிலா அந்தச் சொல்லை எந்தப் பொருளில் வாங்கிக்கொண்டு போனார் என்பதைச் சொல்ல வேண்டியவன் நான்தான். மேடம் சரி, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார். முயல்கிறேன்.

அகிலாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அந்தச் சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அங்கே 'ஃபினிஸ்' என்றால் எல்லை, முடிவு. 'ஃபினிஷ்', 'ஃபைனல்' எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள்தான். நிலத்துக்கு எல்லை குறிப்பதுபோல ஒன்றுக்கு எல்லை குறிப்பதை 'டிஃபைன்' என்றார்கள். அப்படி எல்லை குறித்தது 'டெஃபினட்'. எல்லை குறித்த விதமாகச் சொன்னால், செய்தால், அது 'டெஃபினட்லி'. 'ஆமாம், நிச்சயமாக' என்று தனியாக நின்று தலையாட்டும் வேலை அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்த வேலை. நான் படித்தவரை நூறு ஆண்டுப் பழக்கம்தான் இருக்கும். அதற்கு முன் அது நிலத்தை அளந்து கல் நடுகிறவரின் சொல்லாக இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு உதாரணம் இல்லாமல் பேச வராது. சத்தியவேடு பக்கம் ஒரு விவசாயி இந்த நிலம் என்னுடையது என்றால் சர்வேயர் ஒப்புக்கொள்ள மாட்டார். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை என்றால் ஒப்புக்கொள்வார். பிச்சாட்டூர் ஏரியில் தண்ணீர் திறப்பார்களா என்று கேட்டால் டெஃபினட்லி என்று சொல்லும் அதிகாரியை நம்பி யாரும் நாற்று விட மாட்டார்கள். கடைசி மடை நனையும் வரை மூட மாட்டோம் என்று சொன்னால் விடுவார்கள். இதைச் சொல்லிவிட்டு, இன்று டெஃபினட்லி என்று சொல்கிறவர்கள் எதுவரை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், எல்லை சொல்லாத டெஃபினட்லியை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று விதி வைத்தேன். தாட்சாயணி, "அப்போ எங்க வூட்டுக்காரருக்கு ஃபெயிலு" என்றார். அகிலா ஜன்னல் பக்கம் திரும்பி வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். திருப்பதியில் இறங்கி அவரவர் வழியில் போனோம்.

இனி கண்டதையும் கேட்டதையும் பிரித்தே சொல்கிறேன்.

என் வகுப்பு முடிந்து நான் மதிய வண்டிக்குத் திருப்பதி நிலையம் வந்து, வழக்கமான பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். தாட்சாயணியும் காலை ஷிப்ட் முடித்து வந்திருந்தார். வண்டி நகரத் தொடங்கிய நேரத்தில் அடுத்த வாசல் வழியாக ஒரு வயதான அம்மையார் ஏறினார். ஒன்பது கஜப் புடவையைப் பின்கச்சமாகக் கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அகிலா ஏறினார். லாட்ஜில் கொடுக்கும் அரக்கு நிறப் புடவையில் இருந்தார். கைப்பை இல்லை. காலில் ஒரு செருப்புதான் இருந்தது. அம்மையார் முன்னே நடக்க, அகிலா பின்னே நடந்தார். அம்மையாரை அவர் இழுத்து வரவில்லை, தள்ளி வரவும் இல்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அம்மையார் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் அகிலா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுந்து போய், என்னம்மா, டூட்டி முடியவில்லையே என்று கேட்டேன்.

"இவங்க லாபியில உக்காந்துகினு இருந்தாங்க சார். நான் ஒருத்தருக்கு சாவி எடுக்கத் திரும்பினேன். அதுக்குள்ள வாசல்ல கீறாங்க. வாட்ச்மேனுக்குக் கத்திட்டு ஓடினேன். ரோட்டத் தாண்டறாங்க சார், பஸ்ஸு வருது, இவங்க பாட்டுக்கு நடந்துகினே போறாங்க. கூப்ட்டா திரும்பல. கையப் புடிச்சா கத்தறாங்க. வண்டில ஏறிட்டாங்க. இன்னா சார் பண்ணுவேன், நானும் ஏறிட்டேன்."

போன் எங்கே என்று கேட்டேன். "கவுண்டர்லயே சார்ஜ்ல கீது சார்" என்றார். இவருடைய மகனுக்குச் சொல்ல வழியில்லையா என்று கேட்டதற்கு, "அவரு மலைக்குப் போயிருக்காரு. கியூவுல நின்னுகினு இருப்பாரு. அங்க போனு உள்ள உட மாட்டாங்க இல்ல சார், டெபாசிட்ல இருக்கும்" என்றார். அம்மையாருக்குக் காலில் வீக்கம், வரிசையில் நிற்க முடியாது என்று மகன் மட்டும் தரிசனத்துக்குப் போனதாகவும், இப்படி எழுந்து நடந்துவிடும் பழக்கம் உண்டென்று தன்னிடம் சொல்லவில்லை என்றும் அகிலா சொன்னார். சொன்னாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு, மகன் போகும்போது உன்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்துக்கொள்வீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டதாகவும், தான் "டெஃபினட்லி சார், டில் யூ கம், ஐ சிட் வித் மதர்" என்று சொன்னதாகவும் அகிலா சொன்னார். அதாவது, நீங்கள் வரும் வரை அம்மாவோடு இருப்பேன் என்று. அவர் முதல் வார்த்தையைக் கேட்டதுமே தேங்க்யூ சொல்லிவிட்டுக் காரை நோக்கிப் போய்விட்டாராம். "நான் சொல்லி முடிக்கங்காட்டியும் அவரு படி எறங்கிட்டாரு சார்" என்றார். அந்தப் பேச்சு நடந்தபோது நான் அங்கே இல்லை. ஆனால் இதை அகிலா என்னிடம் சொன்ன நேரத்தில் மனுவும் இல்லை, போலீசும் இல்லை, தன் மேல் குற்றம் சொல்லப்போகிறார்கள் என்ற எண்ணமும் அவருக்கு இல்லை. இது குறித்துக்கொள்ளப்பட வேண்டும்.

கிஷோர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. தரிசன நேரம் தவறிவிடும் என்ற அவசரத்தில் இருந்தவர். டெஃபினட்லி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் காது மூடிக்கொள்கிறது. வேண்டியது கிடைத்துவிட்டது, இனி கேட்க ஒன்றுமில்லை என்று தோன்றிவிடுகிறது. வகுப்பில் நான் இதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

வண்டி ரேணிகுண்டாவில் நின்றபோது, அம்மையாரை இறக்கித் திரும்பிப் போகலாம் என்று நான் சொன்னேன். அகிலா எழுந்து சைகை காட்டி அழைத்தார். அம்மையார் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தம் மொழியில் ஏதோ சொல்லி அழத் தொடங்கினார். மராத்தியாக இருக்கும். எங்களில் யாருக்கும் புரியவில்லை. எதிரில் இருந்த ஒருவர் எழுந்து, யார் இந்தக் கிழவி, ஏன் இழுக்கிறாய் என்று அகிலாவைத் தெலுங்கில் அதட்டினார். தாட்சாயணி அவரைப் பார்த்து, "நூவு கூச்சோ நாயனா, நாங்க பார்த்துக்கறோம்" என்று, நீ உட்காரப்பா என்பதைத் தெலுங்கிலும் மீதியைத் தமிழிலுமாகச் சொல்லி அடக்கினார். வண்டி கிளம்பிவிட்டது.

நான் அகிலாவிடம், நீ அடுத்த நிலையத்தில் இறங்கி வேலைக்குத் திரும்பு, நானும் தாட்சாயணியும் இவரைப் பார்த்துக்கொள்கிறோம், கவுண்டரை இப்படி விட்டால் வேலை போய்விடும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவருகிட்ட வாக்கு குடுத்தது நான் சார், நீங்க இல்ல. அவரு வர்ற வரைக்கும்னு கல்லு நட்டுட்டேன். இவங்க எங்க எறங்கறாங்களோ அங்கதான் நானும் எறங்கணும்."

 காலையில் எல்லைக்கல் உதாரணத்தைக் கொடுத்தவன் நான். அதை மாலைக்குள் திரும்பக் கேட்பது முறையல்ல.

அதன் பிறகு அகிலா சொன்ன லாட்ஜ் எண்ணுக்கு என் போனிலிருந்து அழைத்தேன். மேலாளர் பவன்குமார் எடுத்தார். நான் என் பெயரைச் சொல்லி, உங்கள் லாட்ஜில் தங்கியுள்ள அம்மையார் வெளியே வந்து ரயில் ஏறிவிட்டார், அகிலா அவரோடு இருக்கிறார், மகன் வந்தால் இந்த எண்ணைக் கொடுங்கள் என்று தெலுங்கில் சொன்னேன். அவர், "காலி கவுண்டர் ஒதிலேசி போயிந்தி. ஆமெனி ரேப்பட்னிஞ்சி ராவொத்தனி செப்பண்டி" என்றார். கவுண்டரைக் காலியாக விட்டுப் போய்விட்டாள், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று பொருள். நான் மறுபடி, மகனிடம் சொல்லுங்கள் என்று ஆரம்பிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. என் போனை மேடத்திடம் கொடுத்திருக்கிறேன். அழைப்பு விவரம் அதில் உள்ளது. லாட்ஜுக்குத் திரும்பிய மகனிடம், அந்தப் பெண் எங்கே போனாள் என்றே தெரியாது என்று மேலாளர் சொன்னதாக மனுவில் இருக்கிறது. நான் சொல்லியும் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அகிலாவிடம் மேலாளர் சொன்னதைச் சொன்னேன். மறைக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் தம் புடவையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கழற்றி, அம்மையார் சாய்ந்தால் முகத்தில் படும் என்று சொல்லி, என் சட்டைப் பையில் போட்டார். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

புத்தூரில் எதிர் வண்டிக்காக எங்கள் வண்டி நெடுநேரம் நின்றது. காற்று வாங்கப் பலர் இறங்கினார்கள். அவர்களைப் பார்த்து அம்மையாரும் தாமாகவே எழுந்து இறங்கினார். அகிலா இறங்கினார், நானும் இறங்கினேன். நடைமேடைக் குழாயில் அம்மையார் முகம் கழுவக் குனிந்தார். அவர் கைகள் மெலிந்தவை. தண்ணீர் பட்டதும் இரண்டு தங்க வளையல்களும் விரல் வரை நழுவின. வண்டி ஜன்னலிலிருந்து தாட்சாயணி, "அடியே அகிலா, வளையல் உழுது பார், புடி!" என்று கத்தினார். அகிலா இரண்டு கையையும் குழாயடியில் நீட்டிப் பிடித்தார். திரும்ப மாட்டிவிடப் பார்த்தபோது அம்மையார் கையை உதறினார். அகிலா வளையல்களை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. மறதிக்காரக் கிழவன், எங்காவது வைத்துவிடுவேன், உன் முந்தானையிலேயே முடிந்துகொள், மகன் வந்ததும் கொடுத்துவிடலாம் என்றேன். என் எதிரில், தாட்சாயணி பார்க்க, பக்கத்தில் டீ விற்றுக்கொண்டிருந்தவர் பார்க்க, முந்தானை ஓரத்தில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். ஒளித்து வைக்க நினைக்கிறவர் மூன்று பேர் பார்க்க முடிச்சுப் போட மாட்டார். எங்கள் பக்கத்துப் பெண்கள் கோயில் பிரசாதத்தையும் வீட்டுச் சாவியையும் வைக்கிற இடம் அது. அயலார் தேடிக் கண்டுபிடித்தால் மட்டுமே அது ஒளித்த இடமாகத் தெரியும்.

எதிர் வண்டி நிற்காமல் கடந்து போனதும் எங்கள் வண்டி தாட்சாயணியோடு கிளம்பிவிட்டது. அம்மையார் பெஞ்சில் உட்கார்ந்தார். அகிலா இட்லி வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். அம்மையார் இலையைத் தள்ளிவிட்டார். அகிலா ஒரு துண்டை எடுத்துத் தாம் சாப்பிட்டார். "துன்னு பாரும்மா, நல்லாத்தான் கீது. சட்னி மட்டும் தண்ணி. அதுக்கு அவன் மேல நாம கேஸு போட்டுக்கலாம்" என்று தமிழிலேயே பேசினார். அம்மையாருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் சாப்பிட்டார். மேடத்திடம் இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எழுத வேண்டுமா என்று பரணி கேட்டதற்கு எழுதச் சொன்னார்.

அம்மையாரின் பெயர் ஷோபா என்பது எனக்கு மனுவைக் கேட்டபோதுதான் தெரிந்தது. அகிலாவுக்கு அறைப் பதிவின் மூலம் முன்பே தெரிந்திருக்கலாம். ஆனால் வழி நெடுக அவர் அம்மா என்றே அழைத்தார்.

அதன் பிறகு திருப்பதிக்குப் போகும் வண்டி வந்தது. நான் எங்கள் மூவருக்கும் திருப்பதிக்கு டிக்கெட் எடுத்தேன். அகிலா முதலில் தாம் ஏறி, உள்ளே நின்று கையை மட்டும் நீட்டினார். அம்மையார் சிறிது நேரம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, பிடித்துக்கொண்டு ஏறினார். வழியில் எங்கும் இறங்க முயலவில்லை. அகிலாவின் தோளில் சாய்ந்து தூங்கினார். கடத்திச் செல்கிறவர் பாதியில் டிக்கெட் எடுத்துக்கொண்டு கடத்திய ஊருக்கே திரும்பி வருவாரா என்பதையும் யோசிக்க வேண்டுகிறேன். டிக்கெட்டுகளையும் ஒப்படைத்திருக்கிறேன்.

திருப்பதி நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது வாயில் அருகில் கிஷோர் இரண்டு காவலர்களோடு தாயைத் தேடிக்கொண்டு நின்றிருந்தார். மொட்டையடித்த தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. அவர் எங்களைக் கண்டதும் ஆங்கிலத்தில், இவள்தான், இவள்தான் என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். ஒரு காவலர் அகிலாவின் தோளைப் பிடித்தார். அகிலா திமிறவில்லை. பிடித்திருந்த அம்மையாரின் கையைத் தூக்கி, கிஷோரின் கையில் வைத்தார். வைத்துவிட்டு, "யூ கேம், சார்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகுதான் தம் கையை எடுத்தார்.  முந்தானை முடிச்சை அவிழ்க்க அவர் தாமாகவே இடுப்பில் கை வைத்தார். அதற்குள் காவலர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, முடிச்சைத் தானே அவிழ்த்தார். வளையல்கள் கீழே விழுந்தன. அகிலாவிடமிருந்து கைப்பற்றப்பட்டதாக எழுதப்பட்டிருப்பது இதுதான். நான் ஓரடி தூரத்தில் நின்று பார்த்தேன். அப்போது நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கூட்டம் அதிகம், சத்தமும் அதிகம்.

அதன் பிறகு அகிலாவை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். நானும் வந்தேன். மேடம் வந்து விசாரித்து, பொழுது சாய்வதற்குள் அவரை வீட்டுக்கு அனுப்பி, இன்று காலை வரும்படி சொன்னார். அது சரியான செயல். இன்று காலை வண்டியில் அகிலா வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வேலை இல்லை என்றாலும் அரக்குப் புடவையையே கட்டியிருந்தார். நான் அன்றைய சொல்லைக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ரேணிகுண்டா தாண்டியதும் அகிலாவே பேசினார். "சார், நேத்து நான் சொன்னது ரைட்டா தப்பான்னு நீங்க இன்னும் சொல்லலியே" என்றார். அவர் கேட்டது வழக்கைப் பற்றி அல்ல. அவர் பேசிய ஆங்கிலத்தைப் பற்றி. ரைட் என்று சொன்னேன். தாட்சாயணி, "சார் சொல்லிட்டாரு, இனி ஜட்ஜு எதுக்கு" என்றார். அவரும் இன்று மதியம் ஷிப்ட் முடிந்ததும் வாக்குமூலம் கொடுக்க வருகிறார்.

எனக்கும் அகிலாவுக்கும் உறவு இல்லை. அவரிடமிருந்து நான் கட்டணம் வாங்கியதில்லை. லாட்ஜ் மேல் எனக்கு முன்விரோதம் இல்லை. கிஷோர் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. ஊர் தெரியாத இடத்தில் தாயைக் காணாமல் சில மணி நேரம் அலைந்தவர் அவர்.

இத்தனையும் அந்தப் பெண் உங்கள் எதிரில் நடித்ததாக ஏன் இருக்கக் கூடாது என்று மேடம் கடைசியாகக் கேட்டார். நியாயமான கேள்வி. ஒருவர் மனத்துக்குள் புகுந்து பார்க்க எனக்குத் தெரியாது. விடைத்தாளில் எழுதியிருப்பதற்குத்தான் நான் மதிப்பெண் போட்டுப் பழகியவன். நான் கண்ட விடையை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் இந்த விசாரணையில் கிஷோரைக் கேட்டாயிற்று, மேலாளரைக் கேட்டாயிற்று, அகிலாவைக் கேட்டாயிற்று, என்னையும் கேட்டாயிற்று. ஷோபா அம்மையாரை யாரும் கேட்கவில்லை. மொழி தெரியாது, நினைவும் சரியில்லை, என்ன கேட்பது என்று விட்டுவிட்டார்கள். காலையிலிருந்து அவர் வெளி வராந்தா பெஞ்சில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அகிலாவை உள் அறையில் வைத்திருக்கிறார்கள்.

நான் சொன்னபடியே பரணி எழுதியிருக்கிறார். முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார். கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறேன். எதையும் கூட்டவில்லை, விடவில்லை. எந்த நீதிமன்றத்தில் கேட்டாலும் இதையே சொல்வேன். படித்து முடித்தபின், ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டு, மேடத்தின் அனுமதியோடு சேர்த்தது:

மேடம், முடிவு எழுதுவதற்கு முன், அகிலாவை அந்த வராந்தா பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார வைத்து, யாரும் ஒன்றும் பேசாமல், அம்மையார் என்ன செய்கிறார் என்று கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள்.

(ஒப்பம்) வேதாச்சலம்